மூட்டையின் கடைசிப் பதிப்பு

அறிவரசன் செத்த அன்று காலை, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிப்பதற்காகப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். டிசைன் செய்கிற ஆள் படத்தை ஒட்டிப் பெயரை அடித்துவிட்டு, "பேருக்குக் கீழ என்ன சார் போடணும்?" என்று கேட்டார். முன்னாள் கவுன்சிலர், ஓய்வுபெற்ற நடத்துநர் என்று ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஃபிளெக்ஸ் மொட்டையாகத் தெரியும் என்பது அவர் கவலை. எங்கெங்கோ இருக்கிற நாற்பதாயிரம் கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டு வருஷம் இவன் எழுதிய ஒன்றை நம்பி ஓடின என்று சொன்னால் அவர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். கடைசியில் "லேப் டெக்னீஷியன்" என்று போடச் சொன்னேன். அதை ரத்தப் பரிசோதனை என்று புரிந்துகொண்டு ஓரத்தில் ஒரு சிவப்புச் சொட்டு வரைந்துவிட்டார். மாற்றுவதற்கு நேரமில்லாமல் அதையே கொண்டுபோய்க் கட்டினோம்.

நான் கோகுலகிருஷ்ணன். பெரம்பலூரில் ஒரு கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேர், ஜெராக்ஸ், ஆன்லைனில் சாதிச் சான்றிதழ், பட்டா, ஆதார் திருத்தம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க என்னிடம் வருவார்கள். அறிவும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். எனக்கு உடையார்பாளையம் பக்கம், அப்பாவுக்கு நிலம் உண்டு. அவனுக்குக் கீழப்பழுவூர். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். பிறகு அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனார். இந்த வித்தியாசத்தைப் பற்றி இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதைப் பெரிய குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிப்ளமா முடித்ததும் அறிவு ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தான். நாற்பத்தெட்டு பழைய கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் லினக்ஸ் என்கிற இயங்குதளம். இலவசம் என்பதால் நிர்வாகத்துக்கு லினக்ஸ் மேல் அப்படி ஒரு பாசம். நெட் மட்டும் கிடையாது. இருந்த ஒரே இணைப்பு முதல்வர் அறையில் இருந்தது, அவர் அதில் கிரிக்கெட் பார்த்தார்.

லினக்ஸில் ஒரு மென்பொருளை ஏற்றப் போனால் அது தனக்கு வேண்டிய நாலு துணைத் துண்டுகளைக் கேட்கும். அந்த நாலும் ஆளுக்கு இரண்டு கேட்கும். நெட் இருக்கிற இடத்தில் பேக்கேஜ் மேனேஜர் என்கிற நிரல் அத்தனையையும் தானே தேடி இறக்கி வரிசையாக ஏற்றிவிடும். நெட் இல்லாத இடத்தில் அது கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். அறிவு பென் டிரைவோடு திருச்சிக்குப் பஸ் ஏறுவான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு வருவான். ஏற்றிப் பார்த்தால் ஒரு துண்டு குறையும். மறுபடி திருச்சி. ஒரு செமஸ்டரில் பதினோரு தடவை போனான் என்று எனக்கு நினைவு.

அந்த எரிச்சலில்தான் 2012இல் அவனே ஒரு பேக்கேஜ் மேனேஜர் எழுதினான். ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடும். பென் டிரைவில் எடுத்துப் போய் எந்தக் கம்ப்யூட்டரில் அவிழ்த்தாலும் வேலை முடிந்தது. பெயர் மூட்டை. நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம் என்று நெட்டில் போட்டுவிட்டான். அப்படிப் போடுவது தானம் இல்லை, மரியாதை என்பான். நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

மூட்டை அவன் நினைத்ததைவிட அதிக தூரம் போனது. கென்யாவில் பள்ளிக்கூடங்கள், பொலிவியாவில் மலைமேல் ஒரு சுகாதார நிலையம், ஏதோ ஒரு மீன்பிடிக் கப்பல். நெட் வராத, வந்தாலும் அளந்து வருகிற இடத்துக்காரர்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நான் பரப்பினேன். அரியலூரில் லாரி எடை போடும் இடம், லப்பைக்குடிக்காட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ், இங்கே நாலைந்து ரத்தப் பரிசோதனை நிலையங்கள் என்று நான் சரிசெய்கிற கம்ப்யூட்டரில் எல்லாம் மூட்டைதான். எழுதியவன் அடுத்த தெருவில் இருக்கிறான் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. சொன்னாலும், "அப்படீங்களா" என்று டீயைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

காலையில் கல்லூரி போகும் முன் இரண்டு மணி நேரம் அவன் மூட்டைக்கு உட்காருவான். பிழை சொல்லி வந்த கடிதங்களைப் படிப்பான், திருத்துவான், பதில் எழுதுவான். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை புதுப் பதிப்பு வெளியாகும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஊரின் பெயர் வைப்பான்: கல்லங்குறிச்சி, திருமழபாடி, செந்துறை, வேப்பந்தட்டை. கூடவே அந்த ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுதுவான். நிரலில் என்ன மாறியது என்று பார்க்க வந்த வெள்ளைக்காரன், அறுவடை முடிந்ததும் விவசாயிகள் முதல் மூட்டை நெல்லைக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் கொண்டுவந்து போடுவதைப் படித்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். தன் ஊரைப் பற்றி மட்டும் ஐந்தாறு தடவை எழுதியிருந்தான். வேறு எதிலும் அவன் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

நாற்பது வயதில் அவனுக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. தெரிந்தபோது இரண்டு கிட்னியும் பாதிக்குமேல் போயிருந்தது. நாற்பத்திரண்டில் டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று நாள். ஒரு நாள் போய் நாலு மணி நேரம் படுத்துவிட்டு வந்தால் அன்று முழுக்க எழுந்திருக்க முடியாது. கல்லூரியில் வேலையை விட்டுவிட்டான். சுமதி, அவன் மனைவி, துறைமங்கலத்தில் ஒரு மளிகைக் கடையில் பில் போடப் போனாள். மாற்றுக் கிட்னிக்குப் பெயர் பதிந்திருந்தது. டாக்டர் அவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், இதயமும் சரியில்லை என்று.

அவனுக்குச் சாவைப் பற்றி என்ன பயம் இருந்ததோ எனக்குத் தெரியாது. அதைப் பற்றிப் பேசமாட்டான். பேசியதெல்லாம் சாவியைப் பற்றி.

மூட்டையின் புதுப் பதிப்பு ஒவ்வொன்றையும் அறிவு ஒரு மின்னணுச் சாவியால் முத்திரை போட்டுத்தான் வெளியிடுவான். உலகத்தில் மூட்டை இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நெட் கிடைத்தால் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, அந்த முத்திரையோடு புதுப் பதிப்பு இருந்தால் கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொள்ளும். முத்திரை இல்லாவிட்டால் தொடாது. அந்தச் சாவி ஒரு சின்னக் கோப்பு, அதைத் திறக்க நீளமான ஒரு கடவுச்சொல். இரண்டும் அவன் ஒருவனிடம் மட்டும் இருந்தன. அவன் போய்விட்டால் நாளைக்கு ஒரு ஓட்டை கண்டுபிடித்தால்கூட அடைக்க ஆள் இல்லை. தப்பான கைக்குப் போனால் நாற்பதாயிரம் வீட்டுக் கதவும் ஒரே நாளில் திறந்துவிடும்.

"எனக்கு அப்பறம் இத யாரு கையில குடுக்குறதுன்னு தெரியலடா" என்பான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் பைக்கில் கூட்டிப் போவேன். போகும்போதும் இதே பேச்சு, வரும்போதும் இதே பேச்சு.

குழந்தைவேல் வந்து சேர்ந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பெங்களூரில் வேலை செய்வதாகச் சொன்ன ஒரு பையன். நெட்டில் மட்டும்தான் பழக்கம். முதலில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தி அனுப்பினான். பிறகு மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னான். அறிவு டயாலிசிஸ் போன நாட்களில் யாராவது, "ஏன் இன்னும் பதில் இல்லை, செத்துவிட்டதா இந்த மூட்டை" என்று கோபமாக எழுதினால், இவன் முன்னால் வந்து சமாதானப்படுத்துவான். அறிவுக்குத் தனியாகத் தமிழில் எழுதுவான். சாப்டீங்களாண்ணே, உப்பு சேக்காதீங்கண்ணே என்று. பன்னிரண்டு வருஷத்தில் மூட்டையைப் பற்றிக் கடிதம் போட்ட ஆயிரக்கணக்கான பேரில் அவனை அண்ணே என்று கூப்பிட்டது இவன் ஒருவன்தான்.

"அவன்கிட்டயே குடுத்துரேன், என்ன யோசன?" என்றேன்.

"மூஞ்சியக்கூடப் பாத்ததில்லையேடா."

"மூஞ்சியில என்னடா இருக்கு. எந்த ஊரு, என்னன்னு விசாரிச்சா போச்சு. நம்பரக் குடு, நான் பேசுறேன்."

ஆட்களை எடைபோடுவதில் எனக்கு நிகர் இல்லை என்று அப்போது எனக்கொரு எண்ணம். கடையில் தினம் நூறு பேர் முகத்தைப் பார்க்கிறவன் அல்லவா. நம்பரை வாங்கி, கடையிலிருந்தே கூப்பிட்டேன். நல்ல குரல். மரியாதையான பேச்சு.

"எந்த ஊரு தம்பி?"

"பொறந்து வளந்ததெல்லாம் பெங்களூருதாங்கண்ணே. அம்மா ஊரு கீழப்பழுவூரு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம அறிவு ஊருப்பா அது" என்றேன்.

"தெரியுங்கண்ணே. அதனாலதான் மொத மொத மூட்டைய எடுத்துப் பாத்தேன். சின்ன வயசுல கல்லங்குறிச்சித் தேருக்கு வந்துருக்கேன். வெள்ளாமை முடிஞ்சு மூட்டை மூட்டையா நெல்லு கொண்டாந்து போடுவாங்க."

அதோடு நான் போனை வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஆள் ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி ஒன்று தானாக வரும். அது எதற்கென்று கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். "கீழப்பழுவூர்ல எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டேன்.

"கொளத்தங்கரைத் தெருங்கண்ணே" என்றான், கொஞ்சமும் தயங்காமல்.

அந்தத் தெருவில் என்ன ஆட்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதுமே எனக்கு அசிங்கமாகிவிட்டது. என் அப்பா கேட்கிற கேள்வி அது. அறிவின் அப்பாவை எத்தனை பேர் எத்தனை தடவை அந்தக் கேள்வி கேட்டுத் தள்ளி நிற்க வைத்திருப்பார்கள். நான் மாறிவிட்டவன், படித்தவன், அறிவின் சிநேகிதன். அப்படிப்பட்ட நான் ஒருவனிடம் தெருவைக் கேட்டேன் என்று அறிவிடம் எந்த வாயால் சொல்வது. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், "ஒன் ஊருதான்டா. அம்மா வழி. தங்கமான பையன்" என்று மட்டும் சொன்னேன். தெருவை விழுங்கிவிட்டேன்.

"எங்க ஊரா?" என்று அறிவு எழுந்து உட்கார்ந்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து பல மாதமாகியிருந்தது. "யாரு வூட்டுப் புள்ளையோ" என்றான். அதைக் கேட்டால் சாதியைக் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று அவன் பையனிடம் கேட்கவே இல்லை.

மார்கழியில் எதையும் கைமாற்ற வேண்டாம் என்றாள் சுமதி. தை பிறந்ததும் ஒரு நல்ல நாளில் அறிவு சாவியைக் குழந்தைவேலுக்கு அனுப்பினான். கோப்பை ஒரு வழியாகவும் கடவுச்சொல்லை வேறு வழியாகவும் ஜாக்கிரதையாக அனுப்பினான். தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொண்டான். அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய ஆள், இரண்டு கரண்டி சாப்பிட்டான்.

அடுத்த இரண்டு மாதம் அவன் நிம்மதியாகத் தூங்கினான் என்று சுமதி சொல்வாள். மாசியில் குழந்தைவேல் முதல் பதிப்பை வெளியிட்டான். ஊர்ப் பெயர், பத்தி எல்லாம் அறிவு வைக்கிற மாதிரியே வைத்திருந்தான். அறிவு அதை எனக்குப் படித்துக் காட்டினான்.

என் கடையில் நெட் இணைப்பு என் போனிலிருந்துதான். ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை அதில்தான் எல்லா விண்ணப்பமும் ஓட வேண்டும். எனக்கு அது சரியாகப் போதும். பங்குனியில் திடீரென்று பதினோரு மணிக்கே தீர்ந்துபோக ஆரம்பித்தது. பட்டாவுக்கு வந்த ஆட்களை உட்கார வைத்துவிட்டு நான் போன் கம்பெனிக்காரனோடு சண்டை போட்டேன். அவன் கணக்குச் சரிதான் சார் என்றான். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, எந்தக் கம்ப்யூட்டர் தின்கிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். மூன்று கம்ப்யூட்டரில் இரண்டு தின்றன. அந்த இரண்டிலும் மூட்டையின் புதுப் பதிப்பு இருந்தது. தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி நான் பழசாகவே விட்டிருந்த மூன்றாவது சாதுவாக இருந்தது.

அறிவுக்குப் போன் போட்டேன். "ஒன் சிஷ்யன் பண்ண மூட்டை பெருந்தீனிக்காரனா இருக்கான்டா, என் ரெண்டு ஜிபியையும் காலையிலயே முழுங்கிடுறான்" என்று கிண்டலாகத்தான் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "மூட்டை ஒரு நாளைக்கு எட்டிப் பாக்க நாலு கேபி போதும்" என்றான். பிறகு, "அந்த ரெண்டுத்தோட நெட்டையும் நிறுத்து. நான் வரேன்" என்றான்.

வீங்கிய காலோடு ஆட்டோ பிடித்து வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்தான். கடைக்கு வந்தவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். கடைசியில் திரையைக் காட்டினான். புதுப் பதிப்பு தினமும் காலையில் கம்ப்யூட்டரில் இருக்கிற கோப்புகளைக் கட்டி எங்கோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. மூட்டை கட்டுவதற்கு அறிவு எழுதிய அதே நிரலை வைத்தே குழந்தைவேல் அதைக் கட்டியிருந்தான். அளவில்லாத நெட் இருக்கிற ஊர்களில் யார் கவனிக்கப் போகிறார்கள். என் கம்ப்யூட்டரில் என்ன கோப்புகள்? மூன்று வருஷமாக என்னிடம் வந்த ஜனங்களின் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பெண் பிள்ளைகளின் போட்டோ. பெரம்பலூரில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். ரத்தப் பரிசோதனை நிலையங்களில் என்னென்ன போயிருக்குமோ.

நான் போனை எடுத்துக் குழந்தைவேலைக் கூப்பிடப் போனேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்ட வேண்டும் போல இருந்தது. அறிவு என் கையைப் பிடித்தான்.

"கூப்புடாத. நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா என்னைய வெளிய தள்ளிட்டுக் கதவச் சாத்திடுவான். ஒரு நாள் டைம் வேணும் எனக்கு."

பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "எங்க ஊருப் புள்ளையா இப்புடி" என்றான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "நான் தெருவக்கூடக் கேட்டேன்டா. கொளத்தங்கரைத் தெருன்னு சொன்னான்."

அறிவு என்னையே பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

"அப்புடி ஒரு தெருவே எங்க ஊர்ல இல்லடா" என்றான். "அது நான் எழுதுனது. பதிப்புக் குறிப்புல எங்க தெருவப் பத்தி எழுதணும்னு ஆசையா இருந்துச்சு. காலனின்னு எழுத எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால ஒரு பேரு வச்சு எழுதுனேன். அத படிச்சிருக்கான் அவன்."

தெருவைக் கேட்டதை நான் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அறிவு சிரித்துவிட்டு அந்தப் பையன் பேச்சை அதோடு விட்டிருப்பான், சாவி அவனிடமே இருந்திருக்கும். நான் சொல்லாததற்குக் காரணம் என் மானம். அவன் எழுதியதற்குக் காரணம் அவன் வெட்கம். இருபத்தைந்து வருஷம் பேசாமலே இருந்தோமே, அந்த இடைவெளியில்தான் ஒருவன் நுழைந்து போயிருக்கிறான்.

"மன்னிச்சுருடா" என்றேன்.

"சாவியக் குடுத்தது நான்தான்" என்றான். "இப்ப அது பேச்சில்ல."

திருத்திய பதிப்பு ஒன்றை வெளியிட்டால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றான். சாவி குழந்தைவேலிடமும் இருக்கிறது. நாம் ஒன்று வெளியிட்டால் அவன் அதற்குமேல் ஒன்று வெளியிடுவான், முத்திரை சரியாக இருக்கும், நாற்பதாயிரம் கம்ப்யூட்டரும் வாங்கிக்கொள்ளும். பூட்டை மாற்ற நினைத்தாலும் அதே சாவியால்தான் சொல்ல வேண்டும், அதை அவனும் மாற்றிச் சொல்லலாம். அந்தச் சாவியை நம்புகிற ஒன்று அந்தக் கம்ப்யூட்டர்களில் இருக்கிற வரைக்கும் அவன் உள்ளே வருவான்.

"அப்ப என்னதான் பண்றது?"

"மூட்டையவே எடுத்துடணும்" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கடைசியாக ஒரு பதிப்பு. ஏறியதும் திருட்டு நிரலை அழிக்கும். அதன் பிறகு மூட்டையையே, தன்னையே, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துக்கொள்ளும். பன்னிரண்டு வருஷம் இரண்டு மணி நேரம் இரண்டு மணி நேரமாகச் சேர்த்ததை அவனே எழுதி அவனே முத்திரை போட்டு இல்லாமல் ஆக்க வேண்டும். வேறு வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் காலில் விழுந்தாவது சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் வரை என் கடையில் உட்கார்ந்து எழுதினான். அழிக்கிறேன் என்று போய் மற்றவர்கள் வைத்திருக்கிற வேலையையும் சேர்த்து அழித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பார்த்தான். சுமதி வேலை முடிந்து வந்து, கால் வீக்கத்தைப் பார்த்து, "காலையில டயாலிசிஸ் இருக்குங்க, எந்திரிங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. நாளைக்கு டயாலிசிஸ் வேண்டாம், முடித்துவிடுகிறேன் என்றான் அவன்.

"எதுவா இருந்தாலும் கெடந்துட்டுப் போவுது" என்று சுமதி அழ ஆரம்பித்தாள். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

நான் சொன்னேன். லேப்டாப்பை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவருகிறேன் என்று சமாதானம் செய்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனுக்கு ஊசி ஏற்றினார்கள். இடது கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை ஆட்டக் கூடாது. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை அவன் வலது கைக்கு எட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் வந்து முறைத்தார். சுமதி அவரிடம் போய் ஏதோ சொன்னாள். "கைய மட்டும் ஆட்டாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒற்றைக் கையால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். பாக்கியிருந்த பகுதியை முடித்தான். பதிப்போடு போகிற குறிப்பை எழுதினான். மூட்டையின் சாவி களவு போய்விட்டது, மாசிப் பதிப்பு உங்கள் கோப்புகளைத் திருடியது, இந்தப் பதிப்பு மூட்டையை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கும், இந்தப் பெயரில் இனி எது வந்தாலும் நம்பாதீர்கள், சாவியை ஆளைப் பார்க்காமல் கொடுத்தது என் தவறு என்று எழுதினான். என் பெயரையும் போடு, விசாரித்தவன் நான் என்று சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான். ஊர்ப் பெயர் வைக்கிற இடத்தைக் காலியாக விட்டான்.

கடவுச்சொல்லை அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி யாருக்கும் உதவாத ஒன்று, இருந்தாலும் பழக்கம். முதல் தடவை ஒரு எழுத்து தப்பிவிட்டது. ஒற்றைக் கை. இரண்டாவது தடவை ஏற்றுக்கொண்டது. முத்திரை விழுந்தது. "போவட்டும்" என்று சொல்லி என்டரைத் தட்டினான்.

சுமதி அவன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் என்ன என்று முழுதாகத் தெரியாது. ஆனால் புருஷன் கண்ணில் தண்ணீர் வருவது தெரிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"கடைக்குப் போயிப் பாத்துட்டு வா" என்றான் என்னிடம்.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கம்ப்யூட்டரையும் நெட்டோடு சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் புதுப் பதிப்பு ஏறியது. திரையில் நாலைந்து வரி ஓடி நின்றது. கறுப்புத் திரையில் மூட்டை என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வந்தது. மறுபடி அடித்தேன், அதேதான். கோப்புகளைத் திறந்து பார்த்தேன், பிரிண்டரை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு குழந்தைவேல் நம்பருக்குப் போன் போட்டேன். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்றது.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் அவனைத் திருடனின் கூட்டாளி என்றார்கள், மீதிப் பேர் முட்டாள் என்றார்கள். ஒன்றிரண்டு பேர் நன்றி சொன்னார்கள். அவன் எல்லோருக்கும் பதில் எழுதினான். என் கடைக்கு வந்தவர்களில் தெரிந்தவர்களை எல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, ஆதாரைப் பூட்டிவைக்கச் சொல்லி, பாஸ்புக்கைக் கவனிக்கச் சொல்லி, நானும் மூன்று மாதம் அலைந்தேன். சிலர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ஆடி மாதம் ஒரு டயாலிசிஸ் நாளன்று பாதியிலேயே அவன் இதயம் நின்றுவிட்டது.

ஆனால் அந்தக் காலையில் நான் கடையிலிருந்து திரும்பி வந்தபோது அவனுக்கு ஊசியை எடுத்துவிட்டிருந்தார்கள். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பினான்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுடா."

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் அப்புடியே இருக்கு. ஒண்ணும் கெடல."

"நல்லாப் பாத்தியா, செட்டிங்ஸ் ஃபோல்டரு எதுவும் மிச்சம் கெடக்கா?"

"தேடிப் பாத்தேன். மூட்டைன்னு ஒரு எழுத்துகூட இல்ல."

கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பன்னெண்டு வருசத்துல மொதத் தடவையிலேயே பிழை இல்லாம வந்த ஒரே பதிப்பு இதுதான்டா."